எண்ணிப் பார்த்தால் உண்மை தெரியும்



"இந்தக் கஷாயத்தைக் குடித்துப் பாருங்கள், எனக்கு மூன்றே நாளில் காய்ச்சல் விட்டது" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் நாம் உடனே நம்பிவிடுகிறோம். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால், கஷாயம் குடிக்காமல் இருந்திருந்தாலும் அந்தக் காய்ச்சல் மூன்று நாளில் விட்டிருக்குமோ? ஒரே ஒருவரை வைத்துக்கொண்டு இதற்கு விடை காண முடியாது. குடித்தவர் பலரையும் எண்ண வேண்டும். குடிக்காதவர் பலரையும் எண்ண வேண்டும். பிறகு இரண்டையும் ஒப்பிட வேண்டும். மருத்துவ ஆராய்ச்சியில் புள்ளிவிவரத்தின் வேலை இதுவே.

இதற்கு நல்ல சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. அது நாம் உண்ணும் சோற்றைப் பற்றியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் பலரைக் கொன்றது. கால்கள் மரத்துப் போகும்; உடல் வீங்கும்; இருதயம் தளர்ந்து உயிர் பிரியும். நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் ஒன்றைக் கவனித்தார். சீனத் தொழிலாளர்களை வாட்டிய இந்நோய் தமிழர்களை அவ்வளவாக அண்டவில்லை. சீனர்கள் உண்டது நன்கு தீட்டிய சயாம் பச்சரிசி. தமிழர்கள் உண்டதோ புழுங்கல் அரிசி.

அப்படியானால் அரிசிதான் காரணம் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. இரு சாராருக்கும் வேலை வேறு, வீடு வேறு, கறி வகையும் வேறு. இவற்றுள் எது நோயைக் கொண்டு வந்தது என்று எப்படிச் சொல்வது?

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பணிபுரிந்த பிளெட்சர் என்ற மருத்துவர் இதற்கு வழி கண்டார். 1905ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி, நோயாளிகள் எல்லாரையும் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தினார். பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணுவது போல ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். ஒற்றைப்படை எண் விழுந்தவர்கள் ஒரு கட்டடத்திற்கும் இரட்டைப்படை எண் விழுந்தவர்கள் மறு கட்டடத்திற்கும் போனார்கள். முன்னவர்களுக்குப் பச்சரிசி, பின்னவர்களுக்குப் புழுங்கல் அரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே.

இதில் என்ன நுட்பம்? மருத்துவரே ஆட்களைப் பொறுக்கினால் திடமானவர்கள் ஒரு பக்கமும் மெலிந்தவர்கள் ஒரு பக்கமும் சேர்ந்துவிடலாம். இவரோ ஆளைப் பார்த்துப் பிரிக்காமல் எண்ணைப் பார்த்துப் பிரித்தார். இன்று இதைவிடச் சிறந்த முறையாக, சீட்டுக் குலுக்கிப் போடுவது போலப் பிரிக்கிறார்கள்.

ஓராண்டு கழித்துக் கணக்குப் பார்த்தார். பச்சரிசி உண்ட 120 பேரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பெரிபெரி வந்தது. 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் நோய் கண்டவர் இருவரே. அவ்விருவரும் மருத்துவமனைக்கு வரும்போதே அந்நோயோடு வந்தவர்கள். இறந்தவர் ஒருவரும் இல்லை. பத்துப் பேரில் ஒருவர் இருவர் வித்தியாசம் தற்செயலாக வரலாம். நூற்றுக்கு மேற்பட்டவர்களில் இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாக வருவது மிக அரிது.

கட்டடத்தில் ஏதும் கோளாறோ என்ற ஐயத்தைப் போக்க, 1906ஆம் ஆண்டின் நடுவில் இரு கூட்டத்தாரையும் இடம் மாற்றியும் பார்த்தார். நோய் கட்டடத்தைப் பற்றவில்லை. அரிசியைத்தான் பற்றிச் சென்றது. 1907ஆம் ஆண்டில் பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர் ஜெலெபுவில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களிடையே ஆராய்ந்தபோதும் இதே முடிவு கிடைத்தது.

காரணம் பின்னர் விளங்கியது. தவிட்டோடு போய்விடும் வைட்டமின் பி 1 என்னும் சத்து, நெல்லைப் புழுக்கும்போது அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. எந்தச் சத்து என்று தெரியுமுன்பே உயிர் காக்கும் வழியை எண்ணிக்கை காட்டிவிட்டது.

ஆனால் நேயர்களே, அந்த 18 என்பது வெறும் எண் அன்று; 18 உயிர்கள். அந்த நோயாளிகளோ தம் நிலையை எடுத்துச் சொல்ல இயலாதவர்கள். இன்று ஒருவரை ஆராய்ச்சியில் சேர்ப்பதற்கு முன், விவரம் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும் என்பது விதி. வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.

ஆகவே இரண்டு பழக்கங்களை நாம் கைக்கொள்வோம். யாராவது ஒரு மருந்தைப் புகழ்ந்தால், "எத்தனை பேர் சாப்பிட்டார்கள்? சாப்பிடாதவர்கள் எப்படி இருக்கிறார்கள்?" என்று கேட்போம். சுகாதார ஊழியர் வந்து வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வயிற்றுப்போக்கு என்று கேட்டால், மறைக்காமல் உள்ளதைச் சொல்வோம். நாம் சொல்லும் ஓர் எண் தவறினால், யாரோ ஒரு குழந்தைக்கான மருந்தும் தவறிப் போகலாம்.