நகரும் படமும் அதன் எடையும்

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது; பள்ளிகள் மூடப்பட்டன. அதன் பிறகு கைத்தொலைபேசி வழியாகவும் பாடங்கள் வீடு தேடி வரலாயின. உலு திராம் வட்டாரத்துத் தோட்டங்களிலும், ஒரே தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் உண்டு. மூத்தவனுக்கு வந்த ஓர் அசைவுப்படமே டேட்டாவைத் தின்றுவிட்டால், இளையவளுக்கு அன்று பாடம் இல்லை. ஆகவே, தெளிவு கெடாமல் படத்தின் எடையைக் குறைப்பது எப்படி என்று இன்று பார்ப்போம்.

பால்மரத்தில் இறங்கும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். பாலை உறைய வைத்து, அழுத்தி, உலர்த்தித்தான் தகடாக அனுப்பினார்கள். தண்ணீருக்கு யார் வண்டிக்கூலி கொடுப்பார்கள்? படத்திலும் தண்ணீர் உண்டு. அதை வடிக்கலாம், ரப்பரை வடித்துவிடக் கூடாது.

'ழ' எழுதும் முறையைக் காட்டும் பத்து விநாடிப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். படம் என்பது புள்ளிகளின் கூட்டம். அகலத்தில் 640, உயரத்தில் 480 என்றால் மொத்தம் 3,07,200 புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 3 பைட் வேண்டும். பைட் என்பது கணினியின் எடைக்கல். திரைப்படம்போல் விநாடிக்கு 24 படம் ஓட்டினால், பத்து விநாடிக்கு 240 படங்கள். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 221 மெகாபைட்!

இனி வடிப்போம். அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால் புள்ளிகள் கால் பங்காகும். விநாடிக்கு 12 படம் போதுமென்றால் அதிலும் பாதி. நிறங்களை 256க்குள் அடக்கினால், புள்ளிக்கு ஒரு பைட் போதும். இப்போது எடை சுமார் 9 மெகாபைட்தான்.

1987இல் கம்ப்யூசெர்வ் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட ஜிஃப் முறை, இந்த 256 நிறக் கணக்கில்தான் இயங்குகிறது. ஒரே நிறம் வரிசையாக வந்தால், அதைச் சுருக்கமாகக் குறித்துக்கொள்ளும். முந்திய படத்திலிருந்து மாறிய பகுதியை மட்டும் சேமிக்கவும் அதில் வழி உண்டு. ஆகவே, கரும்பலகை போன்ற வெறும் பின்னணியில் வெள்ளைக் கோடு நகர்ந்தால், அந்த 9 மெகாபைட்டும் மிகச் சிறிதாகிவிடும். பின்னணியில் பூவும் மேகமும் தீட்டினால் சுருங்காது. ஒளிப்படம்போல் பல நிறம் கொண்ட காட்சிக்கு ஜிஃப் பொருந்தாது, எம்.பி.4 என்ற காணொளி முறையே சிக்கனம்.

எதுவரை குறைக்கலாம்? இங்கேதான் ஆசிரியருக்கு வேலை. படத்தை மேலும் சிறிதாக்கினால் 'ழ'வின் சுழி அடைபட்டு, 'ம'வா 'ழ'வா என்று பிள்ளை குழம்பும். விநாடிக்கு மூன்று படமென்று குறைத்தால் கோடு தாவும். எந்தப் பக்கம் வளைக்க வேண்டும் என்பது தெரியாது. அப்போது தண்ணீர் போகவில்லை, ரப்பரே போய்விட்டது! நிறமோ எட்டு இருந்தாலும் போதும். பூக்கும் மலரைக் காட்டும் பாடமென்றால் கணக்கு மாறும். அங்கே நிறம்தான் ரப்பர். எனவே, பிள்ளை கட்டாயம் பார்க்க வேண்டியது எது என்று முதலில் தீர்மானியுங்கள். அதைத் தொடாமல் மற்றவற்றைக் குறையுங்கள்.

மூலப்படத்தைத் தனியே பத்திரப்படுத்துங்கள். சுருக்கிய காணொளியையே மறுபடி மறுபடி சுருக்கினால், ஒவ்வொரு முறையும் தெளிவு கெடும். அனுப்பும் முன், கடைசி வீட்டில் இருக்கக்கூடிய பழைய தொலைபேசி போன்ற ஒன்றில் ஓட்டிப் பாருங்கள். அங்கே தெளிவாக ஓடினால் எங்கும் ஓடும்.

பெற்றோர்களே, வாட்ஸ்அப்பில் படங்கள் தாமாக இறங்குவதை நிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறது. பிள்ளையிடம் சொன்னால் செய்து தரும். பாடம் திறக்கவில்லை என்றால் கூச்சப்படாமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். பிள்ளையின் பாடத்தை அளந்து அனுப்பினால் அது எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரும்.