எல்லைக்கோடும் கூலிக்காரனும்

(புளியறையில் விவசாயத் தொழிலாளர், மில் தொழிலாளர் கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் பேசியதன் சுருக்கம்)



இந்த மேடைக்குப் பின்னால் தெரிகிற மலையைத் தாண்டினால் ஆரியங்காவு. பஸ் பலகையில் எழுத்து மாறிவிடும். இங்கே தமிழ், அங்கே மலையாளம். 1956 அக்டோபர் 31 வரை இரண்டும் திருவிதாங்கூர்-கொச்சி என்ற ஒரே ராஜ்யம். மறுநாள் நவம்பர் 1ந் தேதி, செங்கோட்டைத் தாலுகாவின் கிழக்குப் பகுதி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. மலைக்கு மேற்கே உள்ளது கேரளத்தோடு நின்றது. உங்கள் பாட்டன்மார் குடியிருந்த வீடு மாறவில்லை, உழுத வயல் மாறவில்லை. சர்க்கார்தான் மாறியது.

மொழிவழி ராஜ்யம் நியாயமான கோரிக்கை. தாசில்தார் ஆபீசில் மனு கொடுக்கிறவனுக்குத் தன் மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டாமா? ஆனால் அது சும்மா கிடைத்துவிடவில்லை. 1954 ஆகஸ்ட் 11ந் தேதி, மார்த்தாண்டம், புதுக்கடைப் பக்கத்தில் தமிழர்கள் மீது போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. அப்போது ஆண்டது பட்டம் தாணுபிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் மந்திரிசபை. அந்தக் கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா, தன் கட்சி மந்திரிசபையே ராஜினாமா செய்ய வேண்டும் என்றார். மந்திரிசபை கேட்கவில்லை, கட்சிக்குள் பெரிய பிளவே வந்தது. லோகியா நம்மவர் அல்ல. இருந்தாலும் அன்று அவர் கேட்டது சரியான கேள்வி என்றே சொல்வேன்.

கோட்டை எங்கே போட்டாலும் கொஞ்சம் பேர் மறுபக்கத்தில் அகப்பட்டுக்கொள்வார்கள். தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அங்கே தேயிலைக் கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இப்படி அகப்பட்டவர்களுக்காகத்தான் 1956லேயே அரசியல் சட்டத்தில் 350ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்கு ஆரம்பப் படிப்பைத் தாய்மொழியில் கொடுக்க ராஜ்யங்கள் வசதி செய்ய முயல வேண்டும் என்கிறது அது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இருக்கிறாரா என்று பார்ப்பது யார் வேலை? நம் வேலைதான்.

2011 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். முல்லைப் பெரியாறு 1895இல் கட்டி முடிந்த அணை. அதன் தண்ணீர் மட்டம் பற்றி இரண்டு பக்கமும் ஆத்திரம் மூண்டது. இடுக்கி ஏலத்தோட்டங்களில் கூலி வேலை செய்த தமிழர்கள் குடும்பம் குடும்பமாகத் தேனிப் பக்கம் ஓடிவந்தார்கள். இந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. 2014 மே 7ந் தேதி, 142 அடி வரை தேக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஏலம் பறிக்காமல் போன நாட்களின் கூலிக்குத் தீர்ப்புச் சொல்ல எந்தக் கோர்ட்டும் இல்லை.

அதே இடுக்கி ஜில்லாவில், 2015 செப்டம்பரில், மூணாறு தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸ் வேண்டும் என்றார்கள். ஒன்பது நாளில் வாங்கினார்கள். சங்கத் தலைவர்கள் எவரையும் கிட்டே சேர்க்கவில்லை. செங்கொடிச் சங்கத்துக்கும் அதே கதிதான். கசப்பான சேதி, மறைத்துப் பேசிப் பிரயோஜனமில்லை. ஆனால் இதைக் கவனியுங்கள்: கேரள ஜனங்கள் அதைத் தமிழன் கலகம் என்று பார்க்கவில்லை, கூலிக்காரியின் போராட்டம் என்று பார்த்தார்கள். வி.எஸ். அச்சுதானந்தன் நேரே போய் அவர்களோடு உட்கார்ந்தார்.

இப்போது நம் முறை வந்திருக்கிறது. மூணாறில் நம்மவர்கள் இருந்த நிலையில், இன்று நம் மில்களில் பீகார், ஒரிசாக்காரர்கள் இருக்கிறார்கள். நடவுக்கு வங்காளத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகாரிகளை வெட்டிக் கொல்கிறார்கள் என்று செல்போன் படங்கள் பரவின. விசாரித்தால், ஒன்று திருப்பூரில் பீகார்க்காரர்களே தங்களுக்குள் போட்ட சண்டை. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் தகராறு. பீகார் சர்க்காரின் அதிகாரிகள் திருப்பூருக்கும் கோவைக்கும் நேரில் வந்து விசாரித்துப் போனார்கள். அதற்குள் எத்தனை பேர் பயந்து ரயிலேறினார்கள்!

"அவன் வந்துதானே எங்கள் கூலி குறைந்தது?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கோபம். ஆனால் கூலியைக் குறைத்தது அவனா, அவனைக் கொண்டுவந்த காண்டிராக்டரா? ஒரே வேலைக்கு உள்ளூர்க்காரனுக்கு உள்ள கூலியையே வெளி ராஜ்யத்துக்காரனுக்கும் கொடுக்க வேண்டும் என்று 1979லேயே சட்டம் போட்டார்கள். அதை அமல் நடத்தியிருந்தால் காண்டிராக்டருக்கு அவனிடம் என்ன லாபம்? அவனை அடித்து விரட்டினால், நாளைக்கு இன்னும் தூரத்திலிருந்து இன்னும் மலிவாக ஒருவனைக் கொண்டுவருவான்.

ஆகவே, வருகிற நடவுக்குக் கூலி பேச உட்காரும்போது அவர்களில் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். செல்போனில் அடிதடிப் படம் வந்தால், எந்த ஊர், எந்தத் தேதி என்று கேளுங்கள். தெரியாவிட்டால் யாருக்கும் அனுப்பாதீர்கள். இந்தியோ வங்காளியோ தெரிந்த பிள்ளைகள் இங்கே யாராவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.