சாப்பாட்டுப் பார்சலும் கீரைப் பாத்தியும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாகப் பாண்டிருப்பில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நூற்றாண்டை முன்னிட்டுச் சங்கம் என்ன நற்பணி செய்யலாம் என்று பேச்செடுத்தால், முதலில் வரும் யோசனை ஒன்றுதான்: "சிறுவர் இல்லப் பிள்ளைகளுக்கு ஒரு நேரச் சாப்பாடு கொடுப்போம்." இது எங்கள் ஊர்களின் பழக்கம். பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவின் துவசம், உம்மாவின் பேரில் ஒரு தர்மம் என்று எந்த நாள் வந்தாலும் ஏதாவது ஓர் இல்லத்துக்குச் சாப்பாட்டுப் பார்சல் போகிறது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரையோரத்தில் அந்தப் பழக்கம் இன்னும் கூடிற்று. அதைக் குறைசொல்ல நான் இங்கே வரவில்லை. பசித்த பிள்ளைக்குச் சோறு கொடுப்பது எந்தக் காலத்திலும் நல்ல காரியம்.

ஆனால் பார்சலை வாங்கும் பிள்ளையின் பக்கம் நின்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். வருடம் முழுவதும் யாரோ வருகிறார்கள், கொடுக்கிறார்கள். பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், வாங்குகிறார்கள், நன்றி சொல்கிறார்கள், சில நேரம் ஒரு பாட்டும் பாடுகிறார்கள். ஆறு வயதில் வந்த பிள்ளை 18 வயதில் வெளியே போகும்வரை செய்து பழகியது பெரும்பாலும் வாங்குவதும் நன்றி சொல்வதும்தான். எப்போது எழும்புவது, எப்போது குளிப்பது, என்ன கறி சாப்பிடுவது எல்லாவற்றையும் மணி தீர்மானிக்கிறது. பிறகு 18 வயதான ஒரு நாளில் பெட்டியைக் கையில் கொடுத்து, "இனி நீயே உன்னைப் பார்த்துக்கொள்" என்கிறோம்.

அந்த நாளுக்கு ஒரு பிள்ளையை எப்படி ஆயத்தம் செய்வது? நான் சொல்ல வந்த பதில் சிறியது: இல்லத்து வளவில் அந்தப் பிள்ளைக்கென்று ஒரு பாத்தி.

இது புதிய யோசனை அல்ல. தமிழ்ப் பிள்ளைகள் இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கிறார்கள். 1910இல் தென்னாபிரிக்காவில், ஜோகன்னஸ்பேர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில், 1,100 ஏக்கர் நிலத்தில் காந்தியும் அவர் நண்பர் கலன்பாக்கும் டால்ஸ்டாய் பண்ணையை ஆரம்பித்தார்கள். சத்தியாக்கிரகத்தில் சிறைக்குப் போனவர்களின் குடும்பங்கள் அங்கே வந்து தங்கின. இருபது முப்பது பிள்ளைகள். அவர்களுள் தமிழ்ப் பிள்ளைகள் பலர். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகள் ஒன்றாகவே இருந்தார்கள். நோன்பு மாதத்தில் முஸ்லிம் பிள்ளைகளோடு சேர்ந்து மற்றப் பிள்ளைகளும் விரதமிருந்தார்கள். கல்முனைப் பக்கத்தில் வளர்ந்த எங்களுக்கு இந்தக் காட்சி விளங்கும்.

அங்கே சமையலில் இல்லாத எல்லோரும், சின்னவர் பெரியவர் பேதமின்றி, தோட்டத்தில் வேலை செய்யவேண்டும். குழி வெட்டுவது, மரம் தறிப்பது, சுமை தூக்குவது என்று தோட்ட வேலையில் பெரும்பங்கு பிள்ளைகளுடையது. அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஆசிரியர் செய்யாத வேலையைப் பிள்ளைகளிடம் சொல்லக்கூடாது. எந்த வேலையைச் சொன்னாலும் ஓர் ஆசிரியர் அவர்களோடு கூடவே நின்று செய்யவேண்டும். பண்ணையில் நோய் மிகக் குறைவாக இருந்தது என்றும் காந்தி எழுதியிருக்கிறார். வைத்தியர் என்ற முறையில் அந்த வரி என் கண்ணில் படாமல் போகுமா?

1937இல் வார்தாவில் அவர் முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டத்துக்கு இந்த அனுபவமே அடி. கைத்தொழில் மூலம் கல்வி, அந்தக் கைத்தொழிலின் வருமானத்தில் பாடசாலைச் செலவு என்பது அவருடைய எண்ணம். அதை ஆராய்ந்த சாகிர் உசேன் குழு திட்டத்தை ஏற்றது. ஆனால் வருமானத்தில் கண் போனால் கல்வி பின்னுக்குத் தள்ளப்படும் என்று அப்போதே எச்சரித்தது. இந்த எச்சரிக்கையை இல்லப் பொறுப்பாளர்கள் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும் என்று கேட்கிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அந்த ஆதாரக் கல்வியைத் தமிழ்நாட்டில் வேரூன்றச் செய்தவர்களுள் ஒருவர் ஒரு பெண் வைத்தியர். டாக்டர் சௌந்தரம் இளமையிலேயே கணவரை இழந்தவர். பின்னர் டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்தார். 1947இல், திண்டுக்கல்லுக்கு அருகே சின்னாளபட்டியில், தன் கணவர் ஜி. இராமச்சந்திரனோடு காந்திகிராமத்தைத் தொடங்கினார். மருத்துவமனை, ஆதாரக் கல்விப் பாடசாலை, ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லம் எல்லாம் அங்கே பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்தன. நோய்க்கு மருந்து, பிள்ளைக்குக் கல்வி, வயிற்றுக்கு உணவு என்று மூன்றையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

இனிப் பாண்டிருப்புக்கு வருவோம்.

எங்கள் மண் கடற்கரை மணல். தண்ணீர் ஊற்றினால் நிற்காது. வட்டைப் பக்கத்துக் களிமண்ணைப் போல நினைத்துப் பயிர் வைத்தால் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எல்லாம் கருகிவிடும். ஆகவே முதல் வருட வேலை பயிரல்ல, மண். மாட்டெரு, காய்ந்த இலைசருகு, தும்புத்தூள், சமையலறைக் கழிவு எல்லாம் சேர்த்துக் கூட்டெரு போடவேண்டும். கிணற்றிலும் கவனம் வேண்டும். கடலோரத்தில் நல்ல தண்ணீர் உவர்த் தண்ணீரின் மேல் மெல்லிய படையாகத்தான் கிடக்கிறது. மோட்டார் போட்டு ஒரேயடியாக இறைத்தால் உவர் மேலே ஏறும். சுனாமிக்குப் பிறகு கிணறு இறைத்தவர்கள் இதைக் கண்ணால் கண்டார்கள். பூவாளியால் காலையும் மாலையும் ஊற்றுவது பிள்ளைகளுக்கும் நல்லது, கிணற்றுக்கும் நல்லது. மாரி மழை தொடங்குமுன் பாத்தி ஆயத்தமாக இருந்தால் தை வரைக்கும் வானமே பாதி வேலையைச் செய்துவிடும்.

எதை நடுவது? சுற்றிவர முருங்கை, பப்பாசி, வாழை. பாத்தியில் கங்குன், பசளி, பொன்னாங்காணி. கொச்சிக்காய், கத்தரி, வெண்டி, பயற்றை. மூலையில் மரவள்ளியும் வற்றாளையும். வேலியில் ஒரு தேசி மரம். நாலைந்து நாட்டுக்கோழி.

கணக்கும் பார்ப்போம். 30 பிள்ளைகள் உள்ள ஓர் இல்லம் என்று வையுங்கள். ஒரு பிள்ளைக்கு 100 கிராம் கீரை, கிழமையில் மூன்று நாள். மொத்தம் கிழமைக்கு 9 கிலோ. எரு போட்ட ஒரு சதுர மீற்றர் கங்குன் பாத்தியில் ஒரு வெட்டுக்கு ஒரு கிலோ எடுக்கலாம். வெட்டியது மறுபடி தழைக்க நாலு கிழமை என்று வைத்தாலும் 36 சதுர மீற்றர் போதும். பாதைகளோடு சேர்த்து இரண்டு பேர்ச் நிலம். ஆனால் அதே பிள்ளைகளுக்கு நாளுக்கு 300 கிராம் அரிசி என்றால் மாதத்துக்கு 270 கிலோ. அதை எந்த இல்லத்து வளவிலும் விளைவிக்க முடியாது.

ஆகவே தன்னிறைவு என்ற சொல்லை நான் அளந்துதான் பாவிக்கிறேன். தோட்டம் இல்லத்தின் எல்லாச் செலவையும் தீர்க்காது. அரிசியும் பருப்பும் மற்றவர்கள் தந்துதான் ஆகவேண்டும். 2022இல் எல்லாம் ஒன்றாக விலையேறியபோது, கொடுத்துவந்த கைகளே கடைகளிலும் எரிபொருள் வரிசைகளிலும் திண்டாடி நின்றன. அப்படியான நாளில் வளவில் ஒரு முருங்கையும் ஒரு மரவள்ளிப் பாத்தியும் இருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் இருந்த வித்தியாசம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த அளவு தன்னிறைவையே நான் கேட்கிறேன்.

வைத்தியராக ஒரு விடயம். கட்டிளம் பருவப் பெண்பிள்ளைகளிடம் குருதிச்சோகையை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். பிள்ளை சோம்பேறி, படிப்பில் கவனமில்லை என்பார்கள். உள்ளே இரும்புச்சத்துப் போதாமல் இருக்கும். கீரையில் இரும்பு உண்டு, ஆனால் உடம்பு அதை இலகுவில் எடுக்காது. தேசிக்காய்ப் புளி சேர்த்தால் கூடுதலாக எடுக்கும். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடித்தால் குறைவாக எடுக்கும். கீரை ஆய்ந்து, தேசிக்காய் பிழிந்து, தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிவைக்கப் பழகிய பெண், நாளைக்குத் தன் பிள்ளைக்கும் அதையே செய்வாள். பாடசாலையில் கொடுக்கும் இரும்புக் குளிசையைத் தோட்டம் வந்ததென்று நிறுத்தவேண்டாம். இரண்டும் வேண்டும்.

கவனிக்கவேண்டியவையும் உண்டு. மணலில் வெறுங்காலோடு நின்றால் கொழுக்கிப்புழு ஏறும். எல்லோருக்கும் செருப்பு வேண்டும், பூச்சிக்குளிசை தவறக்கூடாது. ஏற்புவலித் தடுப்பூசி போட்ட அட்டையைப் பார்த்த பிறகே மண்வெட்டியைக் கொடுங்கள். எந்தப் பிள்ளையும் எந்த மருந்தும் தெளிக்கக்கூடாது. போத்தலைத் தொடவும் கூடாது. தண்ணீர் நிற்கும் வாளி, தகரம், சிரட்டை எல்லாவற்றையும் கிழமைக்கொருமுறை கவிழ்க்கவேண்டும். டெங்கு தோட்டத்தின் பேரால் வரக்கூடாது. வயல் வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பவே வேண்டாம். எலிக்காய்ச்சல் அங்கேதான் இருக்கிறது.

இப்போது அந்த எச்சரிக்கைக்கு வருகிறேன். பாடம் எது, பிள்ளையை வேலைவாங்குவது எது? இரண்டுக்கும் இடையில் ஒரு வேலிதான் இருக்கிறது. குழப்படி செய்த பிள்ளைக்குத் தண்டனையாகக் களை பிடுங்கக் கொடுத்தால் தோட்டம் கெட்டுவிட்டது. படிக்கும் நேரத்தை எடுத்தால் கெட்டுவிட்டது. பெரியவர் கதிரையில் இருந்துகொண்டு பிள்ளையை ஏவினால் கெட்டுவிட்டது. விற்ற காசு இல்லத்துக் கணக்கில் மறைந்தாலும் கெட்டுவிட்டது. நாளுக்கு அரை மணித்தியாலம், சோதனைக் காலத்தில் அதுவும் இல்லை. மிஞ்சியதை விற்றால் அந்தப் பிள்ளையின் பெயரில் உள்ள சேமிப்புப் புத்தகத்தில் போடுங்கள். 18 வயதில் பெட்டியோடு அதுவும் போகட்டும்.

மிக முக்கியமாக, பாத்தியில் என்ன நடுவது என்று பிள்ளையே முடிவெடுக்கட்டும். ஒருத்தி கனகாம்பரம்தான் நடுவேன் என்றால் நடட்டும். மணி தீர்மானிக்காத ஓரிடம் அவளுக்கு வேண்டும். பயிர் பட்டுப்போனாலும் அது ஒரு பாடம். இந்தப் பிள்ளைகள் வாழ்க்கையில் பெரிய இழப்புகளைக் கண்டவர்கள். அந்த இழப்புகளுக்கு என்ன காரணம், நான்தானா காரணம் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டிருப்பவர்கள். கத்தரி வாடினால் காரணம் தேடலாம்: தண்ணீரா, பூச்சியா, எருவா? தேடிவிட்டு மறுபடி நடலாம். மறுபடி நடலாம் என்பது அந்த வயதில் கைகளுக்குத் தெரிந்திருக்கவேண்டிய விடயம்.

நான் முன்வைக்கும் வேண்டுகோள் இதுதான். ஊரில் இருப்பவர்களும் கனடா, இலண்டன், அவுஸ்திரேலியா, வளைகுடா நாடுகளில் இருப்பவர்களும் சேர்ந்து செய்யக்கூடியது.

முதலாவது, வருடத்தில் நீங்கள் கொடுக்கும் சாப்பாடுகளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அந்தக் காசில் முள்வேலியோ கோழிக்கூடோ கிணற்றுக் கட்டோ மூடியோ செய்யலாம். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்துக்கு அறிவித்து, பொறுப்பாளரின் சம்மதத்தோடு செய்யவேண்டும்.

இரண்டாவது, எங்களில் விவசாயம் கற்பித்த ஆசிரியைகள் இருக்கிறார்கள், விவசாயப் போதனாசிரியர்களாக வேலை பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஓய்வுபெற்றவர்கள் மாதம் இரு தடவை போய்ப் பிள்ளைகளோடு குந்தியிருந்து மண் கிளறுங்கள். ஒருநாள் போய்ப் படம் எடுத்து முகநூலில் போடுவது வேண்டாம். பிள்ளைகளின் முகம் எங்களுக்கு விளம்பரம் அல்ல. போனவர் மறுபடி வருகிறார் என்பதே அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய விடயம்.

மூன்றாவது, 18 வயதில் வெளியே வரும் பெண்பிள்ளை ஒவ்வொருத்திக்கும் எங்கள் சங்கத்தில் ஒரு அக்கா வேண்டும். தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பம் நிரப்ப, தங்க இடம் பார்க்க, சுகமில்லை என்றால் யாரிடம் போவது என்று கேட்க ஒரு தொலைபேசி இலக்கம். தோட்டம் கற்றுத்தந்தது பாதி. மீதிக்கு ஆள் வேண்டும்.

கடைசியாக ஒன்று. தோட்டம் காய்த்த பிறகு இல்லத்துப் பிள்ளைகள் எங்களை ஒருநாள் சாப்பிடக் கூப்பிடட்டும். அவர்கள் ஆய்ந்த கீரை, அவர்கள் பிடுங்கிய மரவள்ளி, அவர்கள் அரைத்த கொச்சிக்காய்ச் சம்பல். நாங்கள் போய்ப் பாயில் இருந்து சாப்பிட்டு, அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு வருவோம். இதுவரை நன்றி சொல்லியே வந்த பிள்ளை, அன்றைக்கு முதல்முறை நன்றியை வாங்கிக்கொள்ளும்.

இல்லப் பொறுப்பாளர்கள் கூட்டம் முடிந்ததும் முன்வரிசைக்கு வாருங்கள். எந்த இல்லத்தில் எத்தனை பேர்ச் நிலம் இருக்கிறது, தண்ணீர் எப்படி என்று இன்றைக்கே எழுதிக்கொள்வோம். மாரிக்கு முன் மண் ஆயத்தமாகவேண்டும்.