கலமும் குப்பியும்



கையோடு எடுத்துச் செல்லும் எரிபொருள் மின்கலத் தொகுதிகளைப் பற்றி இந்தக் கருத்தரங்கில் இரண்டு நாள் பேசவிருக்கிறோம். தலைமை உரை ஆற்றுபவர் 1839-இல் வில்லியம் குரோவ் செய்த வாயு மின்கலத்தில் தொடங்கி இன்றுவரை நடந்து வருவது வழக்கம். குரோவை வணங்கிவிட்டு, நான் 2018 நவம்பரில் தொடங்க அனுமதி கேட்கிறேன்.

அந்த மாதம் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நாலாம் நாள் நானும் மாணவர்கள் இருவரும் ஆய்வகத்தில் இருந்த மெத்தனால் மின்கலப் பெட்டி ஒன்றை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வேதாரண்யம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். பெட்டி ஒரு சூட்கேஸ் அளவுதான். 45 வாட் தரும். கூடவே ஐந்து லிட்டர் கேன் இரண்டு. பள்ளிக்கூடத்தில் நிவாரண முகாம் நடந்துகொண்டிருந்தது. ஆறாம் வகுப்பு ஆசிரியரின் மேசைமேல் பெட்டியை வைத்து ஓடவிட்டோம்.

பக்கத்து அறையில் பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று ஊரே அதிர ஓடிக்கொண்டிருந்தது. பெட்ரோலைச் சிக்கனம் பண்ண மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும். எங்கள் பெட்டி இரவும் பகலும் ஓடியது. காதை ஒட்டி வைத்தால் எரிபொருள் பம்பு 'டிக், டிக்' என்று சொட்டு சொட்டாய்த் தள்ளுவது கேட்கும். பின்பக்கத் துவாரத்தில் கை வைத்தால் இளஞ்சூடான ஈரக்காற்று. குழாயின் நுனியில் நீர்த்துளி. ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக மின்சாரம். அறுபது போனுக்கு அது போதும். ஒவ்வொரு போனின் முதுகிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதி வரிசையாக வைத்திருந்தார்கள். தன் போனின் திரை ஒளிரும்வரை நகராமல் நின்ற ஓர் அம்மாவின் முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. மகன் வெளிநாட்டில். நாலு நாளாகத் தகவல் இல்லாமல் அங்கே துடித்துக்கொண்டிருந்தான்.

ஓடத் தொடங்கிய பத்தாம் நாள் இரவு பெட்டி நின்றது. அதில் ஒரு பழுதும் இல்லை. பத்து லிட்டர் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஆய்வகத்திலிருந்து புறப்பட்ட அடுத்த இரண்டு கேன்களை வழியில் ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள். தமிழ்நாட்டில் மெத்தனால் வைத்திருக்க 1959-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டும். ஆய்வகத்துக்கு உரிமம் இருந்தது. வண்டியில் அதற்குரிய தாள் இல்லை. அந்த அதிகாரி செய்தது முற்றிலும் சரி. தவறு என்னுடையது. சவ்வைப் பற்றியும் வினையூக்கியைப் பற்றியும் இருபது ஆண்டு யோசித்த நான், அந்தக் கேன் எந்தச் சாலையில் எந்தத் தாளோடு வரும் என்று ஒரு மணி நேரம்கூட யோசித்ததில்லை.

அதன்பின் நம் துறையின் வரலாற்றைத் திரும்பப் படித்தேன். பழைய சம்பவங்கள் வேறு மாதிரி தெரிந்தன.

1965 ஆகஸ்டில் ஜெமினி 5 விண்கலத்தில் எரிபொருள் மின்கலம் முதன்முதலாக மனிதர் சென்ற விண்பயணத்துக்கு மின்சாரம் தந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் தாமஸ் கிரப், லெனர்ட் நீட்ராக் இருவரும் உருவாக்கிய சவ்வுக் கலம் அது. பயணம் தொடங்கிய சில மணி நேரத்திலேயே மின்சாரத்தைக் குறைக்க வேண்டி வந்தது. காரணம் கலமன்று. ஆக்சிஜன் தொட்டியின் சூடேற்றி வேலை செய்யாமல் தொட்டியில் அழுத்தம் சரிந்துவிட்டது. 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13. கேம்பிரிட்ஜில் பிரான்சிஸ் தாமஸ் பேக்கன் பல்லாண்டு பாடுபட்டு உருவாக்கிய காரக் கலத்தின் வழிவந்த மூன்று கலங்கள் அதில் இருந்தன. வெடித்தது ஆக்சிஜன் தொட்டி. கலங்கள் மூன்றும் பட்டினி கிடந்து ஒன்றன்பின் ஒன்றாய் அணைந்தன. இரண்டு இடத்திலும் கலம் தன் கடமையைச் செய்தது. அதற்கு ஊட்டும் பாத்திரம்தான் கைவிட்டது.

கலத்துக்காக உழைத்தவர்களைக் குறைத்துச் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். இன்று கலம் இந்த நிலைக்கு வந்திருப்பது பெரிய சாதனை. அதில் இலங்கையில் பிறந்த சுப்பிரமணியம் சீனிவாசனுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு காலத்தில் மின்முனையின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 4 மில்லிகிராம் பிளாட்டினம் பூச வேண்டியிருந்தது. 1980-களில் லாஸ் அலமாஸில் அவரும் தோழர்களும் சவ்வின் பொருளையே கரைசலாக்கி மின்முனைக்குள் ஊறவைத்தார்கள். பிளாட்டினம் 0.4 மில்லிகிராமுக்கு இறங்கியது. பத்தில் ஒரு பங்கு! அதே மின்சாரம், பத்தில் ஒரு பங்கு விலைப்பொருள். பின்னர் கலிபோர்னியாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகமும், ஜார்ஜ் ஓலா, சூர்ய பிரகாஷ் ஆகியோர் பணியாற்றிய தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து மெத்தனாலை நீரில் கலந்து நேரடியாகக் கலத்துக்குள் விடும் வழியைச் செம்மைப்படுத்தின. நம் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்திலும் சென்னையிலும் இந்தத் துறையில் ஆயுளைக் கொடுத்தவர்கள் உண்டு. அவர்களிடம் படித்தவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள்.

ஆனால் கடைவீதி வேறு கதை சொல்கிறது. 2009 அக்டோபரில் தோஷிபா நிறுவனம் 'டைனாரியோ' என்ற மெத்தனால் மின்னூட்டியை ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 29,800 யென். 3,000 மட்டுமே செய்தார்கள். உள்ளங்கையில் அடங்கும். 14 மில்லிலிட்டர் பிடிக்கும் சிறு தொட்டி. நிரப்புவதற்குத் தனிக் குப்பி. அருமையான பொறியியல். அதற்குள் லிதியம் மின்கலத்தின் விலை மளமளவென்று இறங்கி, பவர் பேங்க் பெட்டிக்கடைக்கே வந்துவிட்டது. சுவரில் செருகினால் நிரம்பும் பொருள் கையில் இருக்கும்போது, தனிக் குப்பியைத் தேடிப்பிடித்து வாங்க எவருக்குப் பொறுமை இருக்கும்? ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் இதே எண்ணத்தோடு வந்த கருவிகளும் நிலைக்கவில்லை.

ஆகவே கணக்கை ஒருமுறை நேர்மையாகப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் மெத்தனாலில் ஏறக்குறைய 4.4 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. நம் பெட்டிகள் அதில் கால் பங்கைத்தான் மின்சாரமாக்குகின்றன. அதாவது லிட்டருக்கு ஒரு யூனிட்டும் கொஞ்சமும். பத்து லிட்டர், எட்டு கிலோ எடை, பதினோரு யூனிட். அதே பதினோரு யூனிட்டை லிதியம் மின்கலத் தொகுப்பில் சுமக்க வேண்டுமானால் கிலோவுக்கு 150 வாட்-மணி என்று வைத்தாலும் 70 கிலோவைத் தாண்டும். ஒரு நாள் வேலைக்கு லிதியத்தை மிஞ்ச முடியாது. அதோடு மல்லுக்கு நிற்பது வீண். பத்து நாள், இருபது நாள், ஆள் போக முடியாத இடம், சிறிய சுமை, ஓயாத ஓட்டம் என்றால் அங்கே நமக்கு நிகர் கிடையாது. வானிலைக் கருவி, மலைமேல் வயர்லெஸ் ரிலே நிலையம், எல்லைக் காவல் சாவடி, நிவாரண முகாம் எல்லாம் அந்த வகை. ஜெர்மனியில் மியூனிக் பக்கத்தில் இருக்கும் எஸ்.எஃப்.சி. நிறுவனம் 2000-இல் தொடங்கி இன்றுவரை நிலைத்திருப்பது இந்த வகை வேலைகளைப் பிடித்துக்கொண்டதால்தான் என்பது என் கணிப்பு. அவர்கள் பெட்டியோடு கேனையும் விற்கிறார்கள். கேனின் வாய் நேரே பெட்டியில் பொருந்தும். ஊற்றுகிற வேலை கிடையாது, கையில் படாது.

அந்தக் 'கையில் படாது' என்ற சொல்லின் கனம் நமக்கு அதிகம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனால் கலந்த சாராயம். பத்து மில்லிலிட்டரே பார்வையைப் பறிக்கப் போதுமானது; முப்பது மில்லிலிட்டர் உயிரைப் பறிக்கலாம். இந்த மாநிலத்தில் நின்று மெத்தனாலை வெறும் எரிபொருள் என்று என்னால் பேச முடியாது. நாம் வடிவமைக்கும் ஒவ்வொரு குப்பியையும் ஒருவர் உடைத்துக் குடிக்க முயல்வார் என்று எண்ணித்தான் வடிவமைக்க வேண்டும். நாக்கில் வைக்க முடியாத கசப்புப் பொருளைக் கலக்கலாமே என்று உடனே தோன்றும். கலக்கலாம். அந்தக் கசப்பு மூலக்கூறு பிளாட்டினம்-ருத்தேனியம் வினையூக்கிப் பரப்பில் போய் உட்கார்ந்துகொண்டால் கலம் எத்தனை மணி நேரம் தாங்கும்? இந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரு மாணவர் மூன்று ஆண்டு உழைத்தால் அதைவிடப் பயனுள்ள முனைவர் பட்டம் எனக்குத் தெரியவில்லை.

சமையல் எரிவாயுவிலும் இதே முடிச்சுதான். திண்ம ஆக்சைடு கலத்தை எல்.பி.ஜி.யில் ஓட்டலாம். சிலிண்டர் நம் நாட்டில் எந்தக் குக்கிராமத்துக்கும் வருகிறது. இருபது ஆண்டு யோசித்தாலும் நம்மால் இவ்வளவு பெரிய விநியோக வலையைக் கட்ட முடியாது. ஆனால் எரிவாயு கசிந்தால் தெரிய வேண்டும் என்று அதில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைக் கலக்கிறார்கள். அடுப்படியில் குப்பென்று அடிக்கும் அந்த நாற்றம் அதுதான். எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றும் அந்தக் கந்தகம், கலத்தின் நிக்கல் மின்முனைக்கு நஞ்சு. கந்தகத்தைப் பிடித்து வைக்கும் வடிகட்டியை முன்னால் மாட்டலாம். அது எப்போது நிறைந்தது என்பதைக் கிராமத்தில் இருப்பவர் எப்படி அறிவார்? நாளை மதியம் இதுபற்றி ஒரு கட்டுரை வருகிறது. நான் முன்வரிசையில் இருப்பேன்.

இனி, வெயில். மெத்தனால் கலம் தன் தண்ணீரைத் தானே தேடிக்கொள்ளும் உயிரைப் போன்றது. கேனில் இருப்பது கலப்பற்ற மெத்தனால். கலத்துக்குள் போவதோ நூற்றுக்கு மூன்று பங்கு மெத்தனால், மீதி தண்ணீர். அடர்த்தி கூடினால் மெத்தனால் சவ்வைத் தாண்டி மறுபக்கம் போய் வீணாகும், மின்னழுத்தத்தையும் இறக்கும். எரிபொருள் பக்கத்தில் ஒரு மெத்தனால் மூலக்கூறுக்கு ஒரு நீர் மூலக்கூறு செலவாகிறது. காற்றுப் பக்கத்தில் மூன்று உண்டாகின்றன. புரோட்டானோடு இழுபட்டு வரும் நீர் வேறு. இதையெல்லாம் ஆவியாகத் தப்பவிடாமல் குளிர்வித்துப் பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஐரோப்பாவின் 20 டிகிரியில் ஒரு சின்ன விசிறி இதைச் செய்துவிடும். மே மாதத்து வேலூரில், மொட்டை மாடியில், 42 டிகிரி உலர்ந்த காற்றில்? எங்கள் பெட்டியை நாங்கள் அப்படி வைத்துப் பார்த்தோம். மூன்றாம் நாள் உள்தொட்டியின் மட்டம் இறங்கத் தொடங்கியது. ஐந்தாம் நாள் காய்ந்துபோய் அபாய விளக்கு எரிந்தது. திறந்தபோது விசிறியின் இதழ்களில் செம்புழுதி வரிவரியாகப் படிந்திருந்தது. இயங்கும் வரம்பு 40 டிகிரியோடு நின்றுவிடும் கருவி நம் வெயிலுக்குப் பாதிக் கருவிதான்.

இந்த நேரத்தில் கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட் என்ற எண்ணை நீங்கள் திரையில் காட்டுவீர்கள். காட்டுங்கள். கூடவே பம்பு, விசிறி, மின்சுற்று, குப்பி எல்லாம் சேர்ந்த மொத்தப் பெட்டியின் எடையையும், அது தானே தின்னும் மின்சாரத்தையும் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் ஓடியது, எதனால் நின்றது என்று சொல்லுங்கள். நின்ற கதையை மறைத்தால் அடுத்த மாணவர் அதே குழியில் விழுவார். தர விதிகள் எழுதியவர்கள் இந்த வகையில் நம்மைவிட முன்னே போயிருக்கிறார்கள். பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 62282 வரிசையில் ஐந்தாம் பகுதி எடுத்துச் செல்லும் தொகுதிகளுக்கு; ஆறாம் பகுதி நுண்கலங்களுக்கு. அந்த ஆறாம் பகுதியில் ஒரு கம்பெனியின் குப்பி இன்னொரு கம்பெனியின் கருவியில் பொருந்த வேண்டும் என்பதற்கென்றே ஒரு தனி ஆவணம் இருக்கிறது. நம் ஆய்வகங்களில் அதைப் புரட்டியவர் எத்தனை பேர் என்று கைதூக்கச் சொல்லப் போவதில்லை. நானே 2018-க்குப் பிறகுதான் படித்தேன்.

கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரலில் ஒரு மாற்றம் கேட்டிருந்தேன். அமைப்பாளர்கள் மனமுவந்து ஒப்புக்கொண்டார்கள். நாளைய கடைசி அமர்வில் மேடையில் பேராசிரியர் எவரும் இருக்க மாட்டோம். எரிவாயு முகவர் ஒருவர், வேதிப்பொருள் உரிமம் வழங்கும் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர், மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து ஒருவர் வருகிறார்கள். வேதாரண்யத்துப் பள்ளியின் அன்றைய தலைமை ஆசிரியையும் வருகிறார்கள். கேள்வி கேட்பது அவர்கள். பதில் சொல்வது நாம். இன்று மாலை ஊருக்குத் திரும்ப டிக்கெட் எடுத்திருப்பவர்கள் அதை மாற்றிக்கொள்ள முடியுமானால் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் அமர்வு சவ்வுகளைப் பற்றியது. ஆறு கட்டுரைகள். பேச்சாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.