வேல் தைத்த நாயும் ஆடும் வாலும்



இன்றைய இலக்கிய உரையிலே ஒரு நாயைப் பற்றிப் பேசப்போகிறேன். நாய்க்கும் இலக்கியத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு மிகப் பழையது. மாணிக்கவாசகர் தம்மைத் தாழ்த்திச் சொல்லும் இடங்களிலே அடிக்கடி நாயைத்தான் துணைக்கு அழைக்கிறார். மகாபாரதத்தின் ஆதிபருவத்திலே சரமை என்ற தாய் நாய், குற்றம் செய்யாத என் குட்டியை ஏன் அடித்தீர்கள் என்று சனமேசய மன்னனின் வேள்விச்சாலைக்கே வந்து நியாயம் கேட்கிறது. நாலடியாரிலே நட்பைப் பற்றிச் சொல்லும் இடத்திலே யானையையும் நாயையும் ஒப்பிட்டுக் காட்டும் ஒரு பாட்டு உண்டு. நெடுநாள் பழகியும் யானை தன் பாகனையே கொல்லும். நாயோ, எசமான் எறிந்த வேல் உடம்பிலே தைத்து நிற்கும்போதும் வாலை ஆட்டும் என்பது அதன் கருத்து.

அந்தப் பாட்டை நான் நன்றிக்கு உதாரணமாகப் படித்தேன். ஆசிரியனான பிறகு பல வருடங்கள் அப்படியே படிப்பித்தும் வந்தேன். அதற்குள்ளே ஒரு வைத்தியக் குறிப்பும் அடங்கியிருக்கிறது என்பதை எங்கள் வீட்டு நாய் றோசிதான் எனக்குப் படிப்பித்தது.

எங்கள் ஊர் எழுவைதீவு. யாழ்ப்பாணத் தீவகத்திலே மிகச் சிறிய ஊர்களில் ஒன்று. பனையும் கடலுமே எங்கள் முதுசம். பண்ணைத் தாம்போதி வழியாக ஊர்காவற்துறை வரை வாகனத்திலே வரலாம். அதற்கப்பால் வள்ளம்தான். காற்று எழும்பினால் அதுவும் இல்லை. மனிதருக்கே வைத்தியம் கடல் கடந்து இருக்கும் இடத்தில் நாயைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது நடந்த ஒன்றை முதலிலே சொல்லிவிடுகிறேன். வீட்டு நாய் ஆறு குட்டிகள் போட்டிருந்தது. பெட்டைக் குட்டிகள் நான்கையும் ஒரு சாக்கிலே போட்டுக் கட்டி, அக்கரையிலே விட்டுவிட்டு வரும்படி என்னையும் மாமாவையும் அனுப்பினார்கள். தாய் நாய் கழுத்தளவு தண்ணீர் வரை வந்து நின்றது. வள்ளம் போகப் போகச் சாக்குக்குள்ளே சத்தம் குறைந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு சரமையின் கதையை வாசித்தபோதுதான், எங்களிடம் யாரும் வந்து நியாயம் கேட்கவில்லையே தவிர, கேட்க வேண்டிய கேள்வி இருந்தது என்று விளங்கியது.

ஒரு பெட்டை நாய் வருடத்துக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரலாம். கருத் தங்கினால் ஏறக்குறைய 63 நாட்களிலே குட்டி ஈனும். சின்னத் தீவிலே அத்தனை குட்டிகளுக்கும் சோறு ஏது, வாசல் ஏது? இலங்கையிலே விசர்நாய்க்கடி நோயைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1893இலேயே வந்துவிட்டது. அதன் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தெருநாயைக் கொல்வதே வழி என்றிருந்தது. 2006இலேதான் கொல்லுவதை நிறுத்தி, தடுப்பூசியும் கருத்தடையும் என்ற பாதைக்கு அரசு திரும்பியது. சென்னையிலே புளூ குரொஸ் அமைப்பு 1964 முதலே இந்தக் கருத்தடை வழியை வற்புறுத்திச் செய்து வந்தது. 2001இலே இந்திய அரசும் அதனை விதியாக்கியது. கொல்லாமலும் சாக்கிலே கட்டாமலும் இருக்க மனிதன் கண்டுபிடித்த வழி இதுதான்.

றோசி முதல் ஈற்றிலே ஐந்து குட்டிகளைப் போட்டு, இரண்டுதான் தப்பின. அடுத்த பருவம் வருமுன் கருத்தடை செய்விப்போம் என்று நான் சொன்னபோது அம்மா எதிர்த்தார்.

"வாயில்லாச் சீவனுக்கு உப்பிடிச் செய்யிறது பாவமெல்லே தம்பி?"

"சாக்கிலை கட்டிக் கொண்டுபோய் விட்டது பாவமில்லையோ அம்மா?" என்று கேட்டேன். அம்மா பேசாமல் குசினிக்குள்ளே போய்விட்டார்.

பட்டினத்திலே ஒரு மிருக வைத்தியரிடம் சத்திரசிகிச்சை நடந்தது. கருப்பையையும் இரண்டு சூலகங்களையும் எடுத்து, உள்ளே தசையைத் தைத்து, மேலே தோலைத் தைப்பார்கள். வைத்தியரின் வேலை சிறிது நேரத்திலே முடிந்துவிடும். நாயை வைத்திருப்பவரின் வேலை அதற்குப் பிறகு பத்துப் பதினான்கு நாட்கள்.

மயக்கம் தெளியாத நாயின் உடல் குளிர்ந்துவிடும். ஆகவே திரும்பும்போது வள்ளத்திலே அதைச் சாரத்தாலே போர்த்தி, பக்கவாட்டிலே கிடத்தி, கழுத்தை நீட்டி வைத்திருந்தோம். நன்றாக விழிப்பதற்கு முன் தண்ணீர் பருக்கக் கூடாது, புரைக்கேறிவிடும். வீட்டிலே சீமெந்துத் தரையிலே விடாமல், உலர்ந்த சாக்கை விரித்து மேலே சுத்தமான சீலையைப் போட்டோம். அன்றிரவு றோசி முனகியது, தள்ளாடியது, யாரையோ தேடுவது போல விழித்தது. இவையெல்லாம் மயக்க மருந்தின் மிச்சம். நன்றாக விழித்த பின் கொஞ்சம் தண்ணீரும் வழக்கத்திலே கால்வாசிச் சோறும் போதும். அடுத்த நாள் வழக்கமான உணவுக்குத் திரும்பலாம்.

வைத்தியர் தந்த நோமருந்தைத் தவிர வேறு எதுவும் கொடுக்கக் கூடாது. எங்களுக்குத் தலையிடி என்றால் போடும் பனடோலும், இபுபுரோபன் போன்ற குளிசைகளும் நாய்க்கு நஞ்சாகலாம். புண்ணிலே மஞ்சளோ சாம்பலோ மண்ணெண்ணெயோ பூசக் கூடாது. குளிப்பாட்டுவதும் கடலுக்குள்ளே இறங்க விடுவதும் ஆகாது. எங்கள் வெயிலுக்கும் இலையானுக்கும் திறந்த புண்ணிலே புழு வைக்க அதிக நேரம் வேண்டாம். நிழலும் சுத்தமும்தான் காவல்.

நாய் நக்கினால் புண் ஆறும் என்று ஊரிலே சொல்வார்கள். அது தவறு. நாயின் வாயிலே கிருமி உண்டு. பல்லோ தையலை இழுத்துவிடும். அதற்காகத்தான் வைத்தியர்கள் கழுத்திலே கூம்பு போன்ற ஒரு வளையத்தை மாட்டி விடுகிறார்கள்.

நான்காம் நாள் விடிய நான் வாசலுக்கு வந்ததும் றோசி எழுந்து வாலை ஆட்டியது. வால் மட்டுமல்ல, பின்பாதி உடலே ஆடியது. நாலடியார் படிப்பித்த நான் என்ன செய்தேன்? நாய் சுகமாகிவிட்டது என்று முடிவு செய்து கூம்பையும் கயிற்றையும் கழற்றிவிட்டேன். அது திண்ணையிலிருந்து பாய்ந்து நேரே வள்ளங்கள் நிற்கும் கரைக்கு ஓடியது.

பின்னேரம் பார்த்தால் புண்ணின் கீழே ஒரு வீக்கம். இரண்டு தையல் அறுந்து, சிவந்த நீர் கசிந்துகொண்டிருந்தது. அந்த நேரத்திலே வள்ளம் இல்லை. வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் பதறவில்லை, கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். முரசு வெளிறியிருக்கிறதா? வயிறு ஊதுகிறதா? சத்தி எடுக்கிறதா? வெட்டின் வழியாக உள்ளிருந்து ஏதாவது தெரிகிறதா? இல்லை, இல்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கே மூச்சு வந்தது. சுத்தமான துணியாலே சுற்றி, நக்க விடாமல் கிடத்தி, காலமை முதல் வள்ளத்திலே கொண்டுவரச் சொன்னார். கடைசியாக ஒன்று சொன்னார்:

"நாய் வாலை ஆட்டுதெண்டு அதுக்கு நோகேல்லை எண்டு நினையாதையுங்கோ, சேர். உங்களைக் கண்ட சந்தோசத்திலை அது நோவை மறைச்சுப்போடும்."

அதுதானே நாலடியாரில் உள்ளது! வேல் தைத்த நாயும் வாலை ஆட்டும் என்றால், ஆடும் வாலைப் பார்த்து வேல் இல்லை என்று முடிவு செய்யலாமா? நோவை அறிய வேறு இடங்களைப் பார்க்க வேண்டும். முதுகை வளைத்து நிற்கிறதா, படுக்க மனமின்றி நிற்கிறதா, இளைக்கிறதா, நடுங்குகிறதா, தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறதா, சோற்றை மணந்துவிட்டு விலகுகிறதா என்று கவனிக்க வேண்டும். காலையும் மாலையும் புண்ணைப் பார்க்க வேண்டும். முதல் சில நாட்கள் சிறிது சிவப்பும் தடிப்பும் இயல்பு. நாளுக்கு நாள் வீக்கம் கூடினால், சீழோ நாற்றமோ வந்தால், இரத்தம் நில்லாவிட்டால், முரசு வெளுத்தால், ஒரு நாளுக்கு மேல் உண்ணாவிட்டால் தாமதிக்கக் கூடாது. மேல்தோல் பொருந்திவிட்டது போலத் தெரிந்தாலும் உள்ளே தசை ஆறவில்லை. ஓட்டமும் பாய்ச்சலும் அந்த உள் தையலைத்தான் முதலிலே சோதிக்கும். மலசலம் கழிக்கக் கூடக் கட்டைக் கயிற்றிலேதான் கொண்டுபோக வேண்டும். கடுவன் நாய்களையும் சில வாரங்கள் அண்ட விடக் கூடாது.

அன்றிரவு றோசியின் பக்கத்திலே விழித்திருந்தவர் அம்மா. கூம்பு மாட்டியிருந்தாலும், தலையைத் திருப்பும்போதெல்லாம் கையால் மெல்லத் தடுத்தார். "கிட, மோனை, கிட" என்று குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தார். பாவம் என்ற சொல்லை அதற்குப் பிறகு அவர் வாயிலே நான் கேட்கவில்லை. விடியக் கடல் அடங்கியிருந்தது; முதல் வள்ளத்திலே போனோம். புதிதாக இரண்டு தையல் போட்டார்கள். அதிலிருந்து பதினான்கு நாட்கள் கூம்பும் கயிறும் கழரவில்லை. றோசி எவ்வளவு வாலை ஆட்டினாலும் நான் மசியவில்லை.

நேயர்களே, நாலடியார்ப் பாட்டு நாயின் பெருமையைச் சொல்கிறது. வேலை எறிந்தவன் அதற்குப் பிறகு என்ன செய்தான் என்று சொல்லவில்லை. நாங்கள் வெட்டியது நாயின் நன்மைக்கும் பிறவாத குட்டிகளின் நன்மைக்கும்தான். ஆனாலும் வெட்டியது வெட்டியதுதான். நாய் தன் பங்கை வாலாலே செய்துவிடுகிறது. புண் ஆறும் வரைக்கும் பொறுமையாகப் பார்த்துக்கொள்வது எங்கள் பங்கு.