மருந்துச் சீட்டும் தள்ளுபடி அட்டையும்

(டெங்கில் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் ஓர் அம்மையார் எங்களிடம் இரண்டு அட்டைகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்று இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்தது; மற்றது மருந்துக் கடையின் தள்ளுபடி அட்டை. "இரண்டும் இருந்தும் இனிப்பு நீர் மாத்திரைக்குக் கைக்காசுதான் போகிறது. ஏன் ஐயா?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லவே இன்று வந்தோம்.

இன்சூரன்ஸ் அட்டை பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பேசும். மாதாமாதம் வாங்கும் இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு மாத்திரைகளுக்குப் பொதுவாக அது பணம் தராது. கையெழுத்துப் போடுமுன் ஏஜெண்டைக் கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது. பத்திரத்தில் எந்தப் பக்கம் என்று காட்டச் சொல்லுங்கள்.

தள்ளுபடி அட்டை வேறு ரகம். 120 வெள்ளி மருந்துக்கு நூற்றுக்குப் பத்து குறைத்தாலும் 108 வெள்ளி நம்முடையதுதான். எந்த விலையிலிருந்து குறைத்தார்கள் என்பதல்லவா கேள்வி! 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்கும் மருந்துக் கடையும் மருந்து விலையைக் காட்டவேண்டும் என்பது சட்டம். ஆகவே இரண்டு கடை ஏறி இறங்குங்கள். அதே மருந்து வேறு பெயரில் மலிவாக உண்டா என்றும் விசாரியுங்கள்.

குடியுரிமை உள்ளவர்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளிதான். மருந்தும் அதிலேயே சேர்த்தி. காத்திருக்கவேண்டும், ஒருநாள் பேர் போகும் என்கிறீர்கள், மெய்தான். ஆனால் பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிய மருந்தின் மீதியை வீட்டருகே அரசாங்கக் கிளினிக்கில் வாங்கும் ஏற்பாடு உண்டு. எஸ்.பி.யு.பி. என்பார்கள். புத்ராஜெயா ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் மருந்து கொடுக்கும் இடத்தில் கேட்டுப் பாருங்கள்.

வேலையில் பால்கத்தி வெட்டினாலோ, பாம்பு கடித்தாலோ இந்த இரண்டு அட்டையும் வேண்டாம். சொக்சோ இருக்கிறது. முதலாளி நூற்றுக்கு 1.75, நாம் 0.5 என்று மாதந்தோறும் கட்டுவது அதற்கும் சேர்த்துத்தான். சொக்சோ கிளினிக்கிலோ அரசாங்க ஆஸ்பத்திரியிலோ குணமாகும்வரை வைத்தியமும் மருந்தும் இலவசம். வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் 2019 முதல் இந்த விபத்துப் பாதுகாப்பு உண்டு. தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் நிர்வாகம் அறிவிக்கவேண்டும். அந்தப் பாரத்தை நிரப்புவது எங்களைப் போன்ற கிராணிமார். தாமதித்தால் எங்களையே வந்து பிடியுங்கள்!

அந்த அம்மையார் இன்சூரன்ஸை விட்டுவிடவா என்று கேட்டார். நோய் வந்தபின் புதிதாக எடுப்பது கஷ்டம். கட்ட முடிந்தால் விடாதீர்கள் அம்மா, மாத்திரைக்கு மட்டும் அதை நம்பாதீர்கள் என்றோம். இப்போது மாத்திரையை டெங்கில் கிளினிக்கில் வாங்குகிறார்.