புரட்டாசி முடிந்து வரும் ஞாயிறு

(நம் குடியிருப்பின் மூத்த குடிமக்கள் மாதக் கூட்டத்தில், புரட்டாசி இரண்டாம் ஞாயிறு மாலை பேசியதன் எழுத்து வடிவம்)



"அசைவத்தைக் குறைப்போம்" என்று செயலாளர் தலைப்பு கொடுத்ததும் பாதிப் பேர், "நாம் சைவம், இது நமக்கில்லை" என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள், உங்களுக்கும் விஷயம் வைத்திருக்கிறேன். மீதிப் பேர், வாடகைக்கு வீடு தேடும்போது கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்கப் போகிறேனோ என்று பார்க்கிறீர்கள். இல்லை. நானும் அசைவக்காரன்தான். சாப்பாட்டை வைத்து ஆளை எடைபோடுவது எனக்குப் பிடிக்காது. நான் பேச வந்தது அளவைப் பற்றி மட்டும். வங்கிக் கவுன்ட்டரில் காலம் தள்ளியவனுக்கு அளவும் கணக்கும்தான் தெரியும்.

இப்போது புரட்டாசி. சனிக்கிழமை திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலிலும் தி.நகர் வெங்கட்நாராயணா சாலை தேவஸ்தானத்திலும் வரிசை எவ்வளவு நீளம் என்று பார்த்திருப்பீர்கள். இதே சமயத்தில் பல்லடத்தில் கறிக்கோழி விலை இறங்கும், நாமக்கல்லில் முட்டை விலை இறங்கும். வருடா வருடம் பேப்பரில் வரும் செய்திதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். சட்டம் இல்லை, அபராதம் இல்லை, விளம்பரம் இல்லை. சந்தை விலையே அசையும் அளவுக்கு ஜனங்கள் தாங்களாகவே நிறுத்துகிறார்கள். அமெரிக்காவில் 2003இல் 'திங்கட்கிழமை இறைச்சி வேண்டாம்' என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். நமக்கு அது புதுசே இல்லை.

சிக்கல் ஐப்பசி முதல் ஞாயிறு. காசிமேட்டிலும் நொச்சிக்குப்பத்திலும் கால் வைக்க இடம் இருக்காது. மாதம் முழுக்கக் கட்டிவிட்டு ஒரே நாளில் வழித்து எடுத்துப் போகும் வாடிக்கையாளர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கணக்கு இருக்கும், இருப்பு இருக்காது.

நம் சிறுவயதில் கறி என்றால் ஞாயிறு. அரைக் கிலோ வாங்கி, உருளைக்கிழங்கு போட்டுக் குழம்பு வைத்தால் ஆறு பேருக்குப் போதும். இன்று புதன்கிழமை இரவு பத்து மணிக்குக்கூட நம் வாசல் காவலாளி பிரியாணிப் பொட்டலத்துக்குக் கையெழுத்து வாங்குகிறார். அசைவம் நமக்குப் பழைய பழக்கம்; இந்த அளவு புதுசு.

உடம்புக் கணக்கைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் சொன்னது: சாசேஜ், சலாமி, பேக்கன் மாதிரி பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் இருக்கிறது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பன்றிக்கறி அடுத்த படியில், 'அநேகமாக உண்டாக்கலாம்' என்ற பட்டியலில். கோழியும் மீனும் இந்தப் பட்டியல்களில் இல்லை. சிவப்பு இறைச்சியைச் சமைத்த எடையில் வாரத்துக்கு 350 முதல் 500 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம். பேரன் பேத்திகளின் பர்கர், பீட்சாவில் என்ன இறைச்சி இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால் முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான்.

அடுத்து தண்ணீர். 2019 கோடையை இந்த நகரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. மெக்கோனன், ஹூக்ஸ்ட்ரா என்ற இரு ஆய்வாளர்கள் 2012இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். தீவனம் விளைய ஆகும் தண்ணீரையும் சேர்த்து, உலக சராசரியில் ஒரு கிலோ ஆட்டிறைச்சிக்கு 8,763 லிட்டர். ஏறக்குறைய ஒரு 9,000 லிட்டர் லாரி! கோழிக்கு 4,325.

ஆனால் கணக்கென்றால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். இதில் பெரும்பகுதி மழைநீர். மானாவாரி நிலத்தில் மேயும் வெள்ளாடு யாருடைய போர்வெல்லையும் உறிஞ்சுவதில்லை. பருப்புக்கும் கிலோவுக்கு 4,055 லிட்டர் ஆகிறது, கோழியை ஒட்டித்தான். புரதத்தை வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஒரு கிராம் புரதத்துக்கு ஆட்டிறைச்சி 63 லிட்டர், கோழி 34, பருப்பு 19. போதாததற்குப் பயறுச் செடியின் வேர் முடிச்சுகள் காற்றிலிருக்கும் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன. யூரியாச் செலவும் மிச்சம்.

மீனுக்கும் ஒரு புரட்டாசி உண்டு, அரசு போட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், நம் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2017க்கு முன்பு அது 45 நாளாக இருந்தது. மீன் இனப்பெருக்கம் செய்யும் காலம். அந்த இரண்டு மாதமும் வஞ்சிரம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல், நாட்டுப்படகில் வந்த மத்தி, நெத்திலி கிடைத்தால் வாங்குங்கள்.

இப்போது சைவக்காரர்களுக்கு வருகிறேன். ஐ.சி.எம்.ஆர். 2023இல் வெளியிட்ட ஆய்வில் இந்தியாவில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். சைவம் சாப்பிட்டால் சர்க்கரை வராது என்று அதில் எங்கும் இல்லை. புரட்டாசியில் நாம் செய்வது என்ன? கோழியை நிறுத்திவிட்டு வடை, சர்க்கரைப் பொங்கல், இன்னொரு கரண்டி சாதம். நிறுத்திய இடத்தில் என்ன வைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

பதில் இந்த மாதத்திலேயே இருக்கிறது: நவராத்திரிச் சுண்டல். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்தால் அதில் ஒன்பது கிராமுக்கு மேல் வந்துவிடும். ஒரு முட்டையில் ஆறு. நம் வயதில் தசை கரையும், அதனால் புரதத்தைக் குறைத்துவிடாதீர்கள். சிறுநீரகத் தொந்தரவு இருப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டு அளவை முடிவு செய்யுங்கள். சுண்டலை ஒன்பது நாளோடு நிறுத்தாமல் வாரம் மூன்று மாலை வைத்துக்கொள்ளலாமே? மாமிகள் கோபிக்கக் கூடாது, தேங்காயைக் கொஞ்சம் கைகுறைத்துப் போடுங்கள்.

ஐப்பசி முதல் ஞாயிறு நான் நொச்சிக்குப்பம் போவேன், மறைக்க ஒன்றுமில்லை. எப்போதும் வாங்கும் ஒன்றரைக் கிலோவுக்குப் பதில் முக்கால் கிலோ என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். புதன்கிழமைப் பிரியாணிக்கு மகன் இன்னும் சம்மதிக்கவில்லை, பேச்சுவார்த்தை நடக்கிறது.

கேள்வி இருப்பவர்கள் கேளுங்கள். மேசையில் காராமணிச் சுண்டல் இருக்கிறது, ஆறுவதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள்.